நூறு கோடி டாலரும் அறுபத்து மூன்று ஆட்டங்களும்

நுழையும்முன்

பெரும்பரிசு பற்றிய அறிவிப்புகளை நாம் அன்றாடம் காண்கிறோம். பரிசுத்தொகை பெரிய எழுத்துகளில் அச்சிடப்படுகிறது. அதனை வெல்வதற்கான வாய்ப்பு எங்கும் அச்சிடப்படுவதில்லை. பரிசை யார் தருகிறார்? அவர் எதனைப் பெறுகிறார்? வெல்வதற்கான வாய்ப்பு எவ்வளவு? இவ்வினாக்களுக்கு விடை காண, பள்ளியில் நாம் பயிலும் நிகழ்தகவுப் பாடமே போதுமானது. அமெரிக்காவில் 2014-ஆம் ஆண்டு நடைபெற்ற ஒரு கணிப்புப் போட்டியைச் சான்றாகக் கொண்டு இப்பாடம் அதனை விளக்குகிறது.

உலகைத் திரும்பிப் பார்க்கச் செய்த அறிவிப்பு

2014-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரைச் சேர்ந்த குவிக்கன் லோன்ஸ் என்னும் வீட்டுக்கடன் நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் தொடங்கவிருந்த கல்லூரிக் கூடைப்பந்துத் தொடரின் எல்லா ஆட்டங்களிலும் வெல்லப்போகும் அணிகளை முன்கூட்டியே பிழையின்றிக் கணித்துச் சொல்பவருக்கு 100 கோடி டாலர் பரிசு என்பதே அவ்வறிவிப்பு. பரிசுத்தொகைக்குப் பொறுப்பேற்றவர் உலகப் பெருஞ்செல்வர்களுள் ஒருவரான வாரன் பஃபெட். அவர் தலைமையிலிருந்த பெர்க்சயர் ஹாத்வே நிறுவனம் அப்பரிசுக்குக் காப்பீடு வழங்கியது.

போட்டியில் கலந்துகொள்ளக் கட்டணம் இல்லை. எப்பொருளையும் வாங்க வேண்டியதில்லை. இணையத்தில் பெயரைப் பதிவு செய்து, கணிப்பு அட்டவணையை நிரப்பினால் போதும். இழப்பதற்கு ஒன்றுமில்லை, பெறுவதற்கோ பெருஞ்செல்வம் உண்டு என்றே எவருக்கும் தோன்றும். ஆயினும், வணிகத்தில் பழுத்த இரு நிறுவனங்கள் இத்துணைப் பெருந்தொகையை அஞ்சாமல் அறிவித்தமைக்குக் காரணம் கொடையுள்ளம் மட்டுமன்று. அக்காரணத்தை அறிய, முதலில் அத்தொடரின் அமைப்பை அறிதல் வேண்டும்.

தொடரின் அமைப்பு

அமெரிக்கத் தேசியக் கல்லூரி விளையாட்டுக் கழகம் 1939-ஆம் ஆண்டு எட்டு அணிகளோடு இத்தொடரைத் தொடங்கியது. 1985-ஆம் ஆண்டு முதல் முதன்மைச் சுற்றில் 64 அணிகள் ஆடுகின்றன. பிற்காலத்தில் தகுதிச் சுற்றாகச் சில ஆட்டங்கள் சேர்க்கப்பட்டபோதிலும், கணிப்புப் போட்டிகளில் அவை பொதுவாகக் கணக்கில் கொள்ளப்படுவதில்லை. 64 அணிகளும் நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு மண்டலத்திலும் 1 முதல் 16 வரை தரவரிசை எண் பெறுகின்றன. முதல் சுற்றில் முதல் நிலை அணி பதினாறாம் நிலை அணியோடும், இரண்டாம் நிலை அணி பதினைந்தாம் நிலை அணியோடும் என்ற முறையில் மோதும். தோற்ற அணி அப்போதே வெளியேறும்.

இத்தகைய தொடரில் மொத்தம் எத்தனை ஆட்டங்கள் நடைபெறும்? சுற்றுவாரியாக 32, 16, 8, 4, 2, 1 எனக் கூட்டலாம். அதனினும் எளிய வழி ஒன்றுண்டு. ஒவ்வோர் ஆட்டமும் ஓர் அணியை வெளியேற்றுகிறது. இறுதியில் ஓர் அணி மட்டும் எஞ்ச வேண்டுமெனில் 63 அணிகள் வெளியேற வேண்டும். ஆகவே, ஆட்டங்களும் 63. தொடர் தொடங்கும் முன்பே இந்த 63 ஆட்டங்களின் முடிவுகளையும் எழுதித் தந்துவிட வேண்டும். இடையில் மாற்ற இயலாது. ஒன்றே ஒன்று பிழைத்தாலும் பெரும்பரிசு இல்லை.

சதுரங்கப் பலகையின் கடைசிக் கட்டம்

கேரளத்தின் அம்பலப்புழைக் கோயிலோடு தொடர்புடைய கதையொன்று நம்மிடையே வழங்குகிறது. சதுரங்கத்தில் வல்லவனான மன்னனை முனிவர் வடிவில் வந்த கண்ணன் வென்றான். பரிசாக அரிசி மணிகளைக் கேட்டான். சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்திற்கு ஒரு மணி, இரண்டாம் கட்டத்திற்கு இரண்டு, மூன்றாம் கட்டத்திற்கு நான்கு என ஒவ்வொரு கட்டத்திற்கும் இரட்டித்துத் தர வேண்டும் என்றான். எளிய வேண்டுகோள் என எண்ணி இசைந்த மன்னன், களஞ்சியம் முழுவதையும் வழித்தெடுத்தும் பாதிக் கட்டங்களைத் தாண்டியபின் திகைத்து நின்றான் என்பது கதை.

அப்பலகையின் 64-ஆம் கட்டத்தில் மட்டும் வைக்க வேண்டிய மணிகளின் எண்ணிக்கை, இரண்டின் 63-ஆம் அடுக்கு. கூடைப்பந்துத் தொடரின் கணிப்பு அட்டவணையை எத்தனை வெவ்வேறு வகைகளில் நிரப்பலாம் என்பதற்கான விடையும் அதே எண்தான். ஒவ்வோர் ஆட்டத்திற்கும் இரண்டு முடிவுகள். 63 ஆட்டங்களுக்கு இரண்டை 63 முறை பெருக்க வேண்டும். கிடைக்கும் எண் 92,23,37,20,36,85,47,75,808. ஒரு கோடியை மற்றொரு கோடியால் பெருக்கி, வருவதை மேலும் 92 ஆயிரத்தால் பெருக்கினாலும் இவ்வெண்ணை எட்ட இயலாது. ஓர் அரிசி மணியின் எடை 20 மில்லிகிராம் எனக் கொண்டால், அந்த ஒரு கட்டத்திற்குரிய அரிசி 18 ஆயிரம் கோடி டன்னைத் தாண்டும். இன்று உலகம் முழுவதும் விளையும் அரிசியை முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் சேர்த்து வைத்தால்தான் அவ்வளவு கிடைக்கும்.

மற்றொரு வகையிலும் இதனை உணரலாம். ஒருவர் நொடிக்கு ஓர் அட்டவணை வீதம் நிரப்பிக்கொண்டே இருந்தால், எல்லா வகைகளையும் நிரப்பி முடிக்க ஏறத்தாழ 29 ஆயிரம் கோடி ஆண்டுகள் ஆகும். பேரண்டத்தின் அகவையோ ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகளே. உலக மக்கள் 800 கோடிப் பேரும் ஒருங்கே அமர்ந்து நொடிக்கு ஒன்றாக நிரப்பினாலும் 36 ஆண்டுகள் கழியும்.

அறிவு எவ்வளவு உதவும்?

மேற்கண்ட கணக்கு, நாணயத்தைச் சுண்டிப் பார்த்து அட்டவணையை நிரப்புபவருக்கே பொருந்தும். விளையாட்டை ஊன்றிக் கவனிப்பவர் அவ்வாறு செய்வதில்லை. முதல் நிலை அணி பதினாறாம் நிலை அணியை வெல்லும் என்பதை அவர் அறிவார். எனவே, அவருடைய கணிப்பு பாதிக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் பலிக்கும். அவ்வறிவு அவரை எவ்வளவு தொலைவு கொண்டு செல்லும் என்பதே அடுத்த வினா.

ஆட்டங்களைச் சாரா நிகழ்ச்சிகளாகக் கருதினால், நிகழ்தகவின் பெருக்கல் விதி இங்குப் பயன்படும். ஓர் ஆட்டத்தைச் சரியாகக் கணிப்பதற்கான சராசரி நிகழ்தகவை 63 முறை தன்னோடு தானே பெருக்கினால், முழு அட்டவணையும் சரியாக அமைவதற்கான நிகழ்தகவு கிடைக்கும். அதன் முடிவுகள் வருமாறு:

• இரண்டு ஆட்டங்களுக்கு ஒன்று சரியெனில் – 92 ஆயிரம் கோடி கோடியில் ஒரு வாய்ப்பு
• மூன்று ஆட்டங்களுக்கு இரண்டு சரியெனில் – ஏறத்தாழ 12,400 கோடியில் ஒரு வாய்ப்பு
• பத்து ஆட்டங்களுக்கு ஏழு சரியெனில் – ஏறத்தாழ 574 கோடியில் ஒரு வாய்ப்பு
• நான்கு ஆட்டங்களுக்கு மூன்று சரியெனில் – ஏறத்தாழ 7.4 கோடியில் ஒரு வாய்ப்பு

சிகாகோ நகரின் டிபால் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஜெஃப் பெர்கன், கூடைப்பந்து அறிந்த ஒருவருக்கு 12,800 கோடியில் ஒரு வாய்ப்பு உண்டு என்று மதிப்பிட்டார். மேற்கண்ட பட்டியலின் இரண்டாம் நிலையோடு அம்மதிப்பீடு நெருங்கி அமைகிறது.

இப்பட்டியல் இரண்டு உண்மைகளைக் காட்டுகிறது. அறிவு வீணன்று, அது வாய்ப்பைப் பல கோடி மடங்கு உயர்த்துகிறது என்பது முதலாவது. அவ்வாறு உயர்ந்த பின்னரும் அவ்வாய்ப்பு ஏறத்தாழச் சுழியாகவே இருக்கிறது என்பது இரண்டாவது. மிகச் சிறிய எண்ணைப் பல கோடியால் பெருக்கினாலும் அது சிறிய எண்ணாகவே எஞ்சக்கூடும். 'எனக்கு இவ்விளையாட்டு நன்கு தெரியும்' என்னும் நம்பிக்கை மெய்யாகவே இருக்கலாம். அந்நம்பிக்கையைக் கொண்டு பரிசை எட்டிவிடலாம் என்று எண்ணுவதே பிழை.

நூறு கோடி என்பது நூறு கோடிதானா?

பரிசு வழங்கப்படும் முறையையும் நோக்க வேண்டும். 100 கோடி டாலர் ஒரே நாளில் வழங்கப்படுவதன்று. ஆண்டுக்கு 2.5 கோடி டாலர் வீதம் 40 ஆண்டுகளுக்கு வழங்கப்படும் என்றும், உடனே வேண்டுமெனில் 50 கோடி டாலர் மொத்தமாக வழங்கப்படும் என்றும் விதி வகுக்கப்பட்டிருந்தது.

நூறு எவ்வாறு ஐம்பதாயிற்று? இன்று கையில் உள்ள ஒரு ரூபாயும் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் கிடைக்கவுள்ள ஒரு ரூபாயும் மதிப்பில் ஒன்றல்ல. இன்றைய ரூபாயை வட்டிக்கு விட்டால் அது பெருகும். ஆண்டு வட்டி 4 விழுக்காடு எனக் கொண்டு கணக்கிட்டால், 40 ஆண்டுகளுக்குப் பகிர்ந்து தரப்படும் 100 கோடி டாலரின் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 50 கோடி டாலராகவே அமைகிறது. ஆகவே, விளம்பரத்தில் நின்ற தொகை 100 கோடி. கணக்கில் நின்ற தொகை 50 கோடி. இதில் பொய் ஒன்றுமில்லை. விதிகளில் தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது. ஆயினும், மக்கள் மனத்தில் பதிந்தது முதல் எண்ணே.

காப்பீட்டாளரின் கணக்கு

பரிசை அறிவித்த நிறுவனம் அத்தொகையைத் தன் பெட்டியில் வைத்திருக்கவில்லை. ஒரு குறிப்பிட்ட கட்டணத்தைக் காப்பீட்டு நிறுவனத்திற்குச் செலுத்திவிட்டது. எவரேனும் வென்றால் பரிசைத் தர வேண்டியது காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பு. வெல்லாவிடில் கட்டணம் முழுவதும் அந்நிறுவனத்திற்கு ஆதாயம். தீ விபத்துக்கும் வெள்ளத்திற்கும் காப்பீடு செய்வதைப் போலவே, இங்கு 'ஒருவர் வென்றுவிடும் விபத்துக்கு' காப்பீடு செய்யப்பட்டது.

காப்பீட்டாளர் தம் கட்டணத்தை எவ்வாறு முடிவு செய்வார்? கணித எதிர்பார்ப்பு என்னும் கருத்து இங்கு உதவுகிறது. தர வேண்டிய தொகையை, அது தர நேரும் நிகழ்தகவால் பெருக்க வேண்டும். போட்டிக்கு அதிக அளவாக 1.5 கோடி விண்ணப்பங்கள் ஏற்கப்படும் என்று விதி இருந்தது. அத்தனை பேரும் கலந்துகொண்டு, ஒவ்வொருவரும் தனித்தனியே சிந்தித்து, மூன்றுக்கு இரண்டு ஆட்டங்களைச் சரியாகக் கணிப்பவராக இருந்தால், அவர்களுள் எவரேனும் ஒருவர் வெல்வதற்கு ஏறத்தாழ 8,000-இல் ஒரு வாய்ப்பு உண்டு. 50 கோடி டாலரை அதனால் பெருக்கினால் கிடைப்பது ஏறத்தாழ 60 ஆயிரம் டாலர் மட்டுமே.

ஆனால், பத்துக்கு ஏழு ஆட்டங்களைச் சரியாகக் கணிக்கும் திறன் மக்களுக்கு இருப்பின், அதே எதிர்பார்ப்பு ஏறத்தாழ 13 லட்சம் டாலராக உயரும். நான்குக்கு மூன்று எனில் 9 கோடி டாலரை எட்டும். எவரேனும் ஒருவர் வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாகிவிடும். ஆட்டக் கணிப்புத் திறனில் தோன்றும் சிறு வேறுபாடு, 63 முறை பெருக்கப்படுவதால் மலையளவு வேறுபாடாக வளர்கிறது. ஆகவே, காப்பீட்டாளரின் தொழில் துணிந்து பந்தயம் கட்டுவதன்று. அச்சிறு வேறுபாட்டைச் சரியாக மதிப்பிடுவதே ஆகும். மக்களின் கணிப்புகள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஒத்திருக்கும் என்பதையும் அவர் கருதுவார். எல்லாரும் பெயர்பெற்ற அணிகளையே தேர்ந்தெடுப்பதால், 1.5 கோடி விண்ணப்பங்கள் 1.5 கோடி வெவ்வேறு முயற்சிகள் ஆவதில்லை. இதனால் காப்பீட்டாளரின் இடர் மேலும் குறைகிறது.

மற்றொன்றும் கருதத்தக்கது. அரிதினும் அரிதான நிகழ்ச்சியும் ஒருநாள் நிகழ்ந்துவிடலாம். சிறிய நிறுவனம் ஒன்று இப்பொறுப்பை ஏற்று, அந்நாள் வந்துவிட்டால் அது முற்றாக அழிந்துவிடும். பெர்க்சயர் ஹாத்வே நிறுவனத்தின் பங்குதாரர் மூலதனம் 2013-ஆம் ஆண்டின் இறுதியில் 20 ஆயிரம் கோடி டாலருக்கும் மிகுதி. 50 கோடி டாலர் இழப்பு அதற்குத் தாங்கத்தக்க அடியே. பேரிடரை ஏற்பவருக்குத் தாங்கும் வலிமையும் வேண்டும் என்பது காப்பீட்டுத் தொழிலின் அடிப்படை.

தெரிந்து தெளிவோம்

கோல்ஃப் விளையாட்டில், முதல் அடியிலேயே பந்தைக் குழியில் வீழ்த்துபவருக்கு மகிழுந்து பரிசு என்று அறிவிக்கும் வழக்கம் மேலை நாடுகளில் உண்டு. பயிற்சி நிலை ஆட்டக்காரர் ஒருவர் அவ்வாறு வீழ்த்துவதற்கு ஏறத்தாழ 12,500-இல் ஒரு வாய்ப்பு எனப் பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. போட்டியை நடத்துவோர் அம்மகிழுந்தை விலைக்கு வாங்குவதில்லை. அதன் விலையில் சிறு பகுதியைக் காப்பீட்டுக் கட்டணமாகச் செலுத்துகின்றனர். இதற்குப் பரிசுக் காப்பீடு என்று பெயர். இங்கிலாந்தில் 1923-ஆம் ஆண்டு லிவர்பூல் நகரில் தொடங்கப்பட்ட லிட்டில்வுட்ஸ் கால்பந்துக் கணிப்புப் போட்டியின் முறை வேறு. கலந்துகொள்வோர் செலுத்திய தொகையைத் திரட்டி, அதில் ஒரு பகுதியே வென்றவர்களுக்குப் பகிர்ந்து தரப்பட்டது. ஆகவே, அங்குக் காப்பீடு தேவைப்படவில்லை.

கட்டணமின்மையின் பொருள்

இனி, பரிசை அறிவித்த வீட்டுக்கடன் நிறுவனத்தின் பக்கம் திரும்புவோம். அது பெற்றது என்ன? முதலாவது, விளம்பரம். நூறு கோடி டாலர் என்னும் சொல்லைக் கேட்டதும் செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் தாமாகவே அந்நிறுவனத்தின் பெயரை நாடெங்கும் பரப்பின. இரண்டாவது, தகவல். கலந்துகொள்பவர் தம் பெயர், முகவரி, மின்னஞ்சல், பிறந்த நாள் ஆகியவற்றோடு, தம் வீட்டுக்கடன் பற்றிய வினாக்களுக்கும் விடையளிக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கடன் விற்கும் நிறுவனத்திற்கு அத்தகவல்கள் வாடிக்கையாளரைத் தேடித்தரும் விலைமதிப்பற்ற பட்டியல். பெரும்பரிசை எவரும் வெல்லாவிடினும், மிகச் சிறந்த 20 கணிப்புகளுக்குத் தலா ஒரு லட்சம் டாலர் உண்டு என அறிவிக்கப்பட்டது. அத்தொகையும் வீடு வாங்கவோ, வீட்டைப் புதுப்பிக்கவோ, வீட்டுக்கடனை மாற்றியமைக்கவோ பயன்பட வேண்டும் என்பது விதி. பரிசின் உட்பொருள் வீட்டுக்கடனே என்பதை இவ்விதி காட்டிவிடுகிறது.

கட்டணம் பெறாமைக்குச் சட்டக் காரணமும் உண்டு. அமெரிக்கச் சட்டமரபின்படி, பரிசு, தற்செயல், பங்கேற்பவர் தரும் பணம் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தால் அது பரிசுச்சீட்டாகக் கருதப்படும். தனியார் அதனை நடத்தக் கூடாது. மூன்றனுள் பணத்தை நீக்கிவிட்டால் தடை நீங்கிவிடுகிறது. 'கட்டணமில்லை' என்பது பங்கேற்பவருக்குக் காட்டப்பட்ட சலுகையாகத் தோன்றினும், போட்டியை நடத்துபவருக்கு அது இன்றியமையாத தேவை.

இப்போது கொடுக்கல் வாங்கலை ஒப்பிட்டுப் பார்க்கலாம். மூன்றுக்கு இரண்டு ஆட்டங்களைச் சரியாகக் கணிக்கும் ஒருவருக்குப் பெரும்பரிசின் கணித எதிர்பார்ப்பு எவ்வளவு? 50 கோடி டாலரை 12,400 கோடியால் வகுத்தால், அது அரை சென்ட்டுக்கும் குறைவு. அதற்கு மாற்றாக அவர் கொடுத்ததோ தம் குடும்பத்தின் கடன்நிலை பற்றிய செய்தி. பணம் கைமாறவில்லை என்பதனாலேயே இது கொடையாகிவிடாது.

ஆடுகளம் தந்த விடை

2014-ஆம் ஆண்டு மார்ச்சு 20-ஆம் நாள் முதன்மைச் சுற்று தொடங்கியது. அன்றைய முதல் ஆட்டத்திலேயே பதினோராம் நிலையிலிருந்த டேட்டன் அணி, ஆறாம் நிலையிலிருந்த ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக அணியை 60–59 என்ற புள்ளிகளில், ஒரே புள்ளி வேறுபாட்டில் வென்றது. மறுநாள், பதினான்காம் நிலை மெர்சர் அணி, பலமுறை வாகை சூடிய மூன்றாம் நிலை டியூக் அணியை 78–71 என வீழ்த்தியது. முதல் சுற்றே முழுமையாக முடிவதற்கு முன்னர், பிழையற்ற கணிப்பு ஒன்றுகூட எஞ்சவில்லை. இறுதி ஆட்டத்தில் ஏழாம் நிலை கனெக்டிகட் அணியும் எட்டாம் நிலை கென்டக்கி அணியும் மோதின; கனெக்டிகட் வாகை சூடியது. முதல் மூன்று நிலைகளில் இருந்த அணி ஒன்றுகூட இறுதி ஆட்டத்தை எட்டவில்லை.

பின்வந்த ஆண்டுகளும் இப்பாடத்தையே உறுதிசெய்தன. ஆடவர் தொடரில் பதினாறாம் நிலை அணிகள் தொடர்ந்து 135 ஆட்டங்களில் தோற்றிருந்தன. 2018-ஆம் ஆண்டு மேரிலாந்து பால்டிமோர் கவுண்டி அணி, முதல் நிலை வர்ஜீனியா அணியை 74–54 என வென்று அவ்வரலாற்றை மாற்றியது. 'உறுதி' என்று நாம் கருதுவதும் உறுதியன்று. அது மிக உயர்ந்த நிகழ்தகவு மட்டுமே.

2019-ஆம் ஆண்டு ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த ஒருவரின் அட்டவணை முதல் 49 ஆட்டங்களிலும் பிழையின்றி அமைந்தது. சரிபார்க்கப்பட்ட கணிப்புகளுள் அதற்குமுன் எதுவும் அவ்வளவு தொலைவு சென்றதில்லை. ஐம்பதாம் ஆட்டத்தில், கூடுதல் நேரம் வரை சென்ற போட்டியில், டென்னசி அணியைப் பர்டியூ அணி வென்றதும் அக்கணிப்பு முறிந்தது. அவர் மயிரிழையில் தவறவிட்டார் என்று பலர் எண்ணினர். கணக்கு வேறு கூறுகிறது. 49 ஆட்டங்களைக் கடந்த பின்னரும் 14 ஆட்டங்கள் எஞ்சியிருந்தன. மூன்றுக்கு இரண்டு என்னும் திறனோடு அவற்றை முழுமையாகக் கணிக்க 292-இல் ஒரு வாய்ப்பே உண்டு.

விதி தளர்ந்தால் வாய்ப்பு விரியும்

வாரன் பஃபெட் தம் நிறுவன ஊழியர்களுக்காகவும் ஆண்டுதோறும் கணிப்புப் போட்டி நடத்தினார். முதல் இரண்டு சுற்றுகளின் 48 ஆட்டங்களையும் பிழையின்றிக் கணிப்பவருக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வீதம் வாழ்நாள் முழுவதும் தருவதாக அறிவித்தும், அப்பரிசை எவரும் பெறவில்லை. 2025-ஆம் ஆண்டு விதி தளர்த்தப்பட்டது. முதல் சுற்றின் 32 ஆட்டங்களுள் 30 சரியாக அமைந்தால் போதும், பத்து லட்சம் டாலர் பரிசு என்றார். அவ்வாண்டே 31 ஆட்டங்களைச் சரியாகக் கணித்த ஊழியர் ஒருவர் அப்பரிசைப் பெற்றார்.

இம்மாற்றத்தின் அளவை நம் கணக்கு காட்டும். மூன்றுக்கு இரண்டு என்னும் திறனுடையவர் 48 ஆட்டங்களையும் சரியாகக் கணிக்க ஏறத்தாழ 28 கோடியில் ஒரு வாய்ப்பு. 32 ஆட்டங்களையும் கணிக்க ஏறத்தாழ 4.3 லட்சத்தில் ஒரு வாய்ப்பு. 32-இல் குறைந்தது 30 கணிக்க ஏறத்தாழ 3,000-இல் ஒரு வாய்ப்பு. பரிசு தர விரும்புபவர் வெல்லத்தக்க விதியை வகுக்கிறார். பரிசைக் காட்ட மட்டும் விரும்புபவர் வெல்லவியலா விதியை வகுக்கிறார். ஒரு போட்டியின் நோக்கத்தைப் பரிசுத்தொகையில் தேடுதல் வீண். அதன் விதியில் தேட வேண்டும்.

மனம் மயங்குவது ஏன்?

இத்துணைத் தெளிவான கணக்கு இருந்தும் மக்கள் ஏன் மயங்குகின்றனர்? உளவியலறிஞர்களான டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுரை இதற்கு விளக்கம் தருகிறது. மிகச் சிறிய நிகழ்தகவுகளுக்கு மனித மனம் அவற்றின் உண்மை அளவைவிட மிகுதியான எடையைத் தருகிறது என்பது அவர்கள் கண்ட உண்மை. ஆயிரத்தில் ஒன்றுக்கும் கோடியில் ஒன்றுக்கும் இடையே பதினாயிரம் மடங்கு வேறுபாடு இருப்பினும், மனம் இரண்டையும் 'அரிது, ஆனால் நடக்கலாம்' என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. பரிசின் பேருருவம் கண்முன் நிற்கிறது. வாய்ப்பின் சிற்றுருவம் கண்ணுக்குப் புலனாவதில்லை.

'எவரேனும் ஒருவர் வென்றுதானே ஆக வேண்டும்' என்னும் எண்ணமும் இதனோடு சேர்கிறது. குலுக்கல் முறையில் விற்ற சீட்டுகளிலிருந்தே ஒன்றைத் தெரிவு செய்தால் ஒருவர் வெல்வது உறுதி. கணிப்புப் போட்டியில் அவ்வுறுதி இல்லை. கோடிப் பேர் கலந்துகொண்டும் ஒருவரும் வெல்லாமற்போகலாம். 2014-இல் அதுவே நிகழ்ந்தது.

நாம் கேட்க வேண்டிய வினாக்கள்

சூதுக்கெனத் தனி அதிகாரமே வகுத்துக் கண்டித்த நூல் திருக்குறள். அங்குக் கண்டிக்கப்பட்ட சூதில், இழந்த பொருள் கண்ணுக்குத் தெரியும். இணையவழிச் சூதாட்டத்திற்கு எதிராகத் தமிழ்நாடு அரசு சட்டம் இயற்றியதும், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து 2025-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்றியதும் அவ்விழப்பைக் கருதியே. கட்டணமில்லாக் கணிப்புப் போட்டியிலோ இழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே, சட்டம் காக்காத இடத்தில் நம் அறிவே நம்மைக் காக்க வேண்டும்.

விளையாட்டைக் கணித்து மகிழ்வது தவறன்று. நண்பர்கள் கூடி, எந்த அணி வெல்லும் என வாதிடுவது விளையாட்டு தரும் இன்பங்களுள் ஒன்று. அவ்வின்பத்தின் மீது பெருந்தொகை ஒன்றை ஒருவர் ஏற்றி வைக்கும்போது, நாம் சற்றே நின்று சில வினாக்களைக் கேட்க வேண்டும். எத்தனை நிகழ்ச்சிகள் ஒருங்கே பலிக்க வேண்டும்? பரிசு ஒரே முறையில் வருமா, பல ஆண்டுகளில் வருமா? ஒருவரும் வெல்லாவிடில் அத்தொகை யாரிடம் இருக்கும்? நான் தரும் தகவல் யாருக்குப் பயன்படும்?

இவ்வினாக்களுக்கு விடை காண்பவர் போட்டியில் கலந்துகொள்ளலாம், கலந்துகொள்ளாமலும் இருக்கலாம். எதைச் செய்யினும், தாம் கொடுப்பது இன்னது, பெறுவது இன்னது என்று அறிந்து செய்வார். நிகழ்தகவுக் கல்வி நமக்குத் தரும் உரிமை அதுவே.

கற்பவை கற்றபின்

1. எட்டு அணிகள் பங்கேற்கும் வெளியேற்று முறைத் தொடரில் மொத்தம் எத்தனை ஆட்டங்கள் நடைபெறும் எனக் காண்க. அவற்றின் முடிவுகளை எத்தனை வகைகளில் கணிக்கலாம் என்பதைக் கணக்கிட்டு வகுப்பில் விளக்குக.
2. நாளிதழ் அல்லது இணையத்தில் வெளிவந்த பரிசு அறிவிப்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பாடத்தின் இறுதிப் பகுதியில் உள்ள வினாக்களுக்கு அதிலிருந்து விடை காண முயல்க.
3. 'கட்டணமில்லை என்பதனால் விலையில்லை என்று ஆகிவிடாது' – இக்கூற்றை ஒட்டியும் வெட்டியும் சொற்போர் நிகழ்த்துக.